சென்ற தடத்திலேயே மீண்டும் செல்லும் கேமரா

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் விளம்பரப் படம் எடுப்பவர்களும் கல்யாண வீடியோ எடுப்பவர்களும் சந்தித்துக்கொள்ளும் இடங்களில் ‘ரோபோ ஷாட்’ என்ற பேச்சு இப்போது தவறாமல் வந்துவிடுகிறது. எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். குலுங்காமல் நடந்து எடுக்க உதவும் கிம்பலை ஒருவர் காட்டுவார். மண்டப வாசலில் விருந்தினரைச் சுற்றிச் சுழலும் 360 டிகிரி மேடையை இன்னொருவர் காட்டுவார். நடிகரின் உடம்பில் குறிப்புள்ளிகளை ஒட்டி அவருடைய அசைவைக் கணினியில் ஏற்றும் மோஷன் கேப்சரும் இதுவும் ஒன்றுதான் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். சீறிப் பாயும் ஓர் இயந்திரக் கை என்பதே பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் தோற்றம்.

வேகம் அதன் குணங்களில் ஒன்று, அவ்வளவுதான். ‘ரோபோ ஷாட்’ என்று இவர்கள் சொல்வதன் தொழில்பெயர் மோஷன் கண்ட்ரோல். அதற்கு நான் சொல்லும் விளக்கம் இது: கேமரா ஒருமுறை சென்ற பாதையில், ஒவ்வொரு படச்சட்டத்திலும் (ஃப்ரேமிலும்) அதே இடத்தில், அதே கோணத்தில், அதே ஃபோகஸில் இருக்கும்படி, எத்தனை முறை வேண்டுமானாலும் அதை மீண்டும் செல்லவைக்கும் முறை. அந்த ‘மீண்டும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

## பனியன் மீது நான்கு நிறம்

திருப்பூரில் பனியன் அச்சுப் பட்டறைக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கருத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். நீண்ட மேசையின் மேல் வெட்டிய துணிகள் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கும். படத்தில் நான்கு நிறம் இருந்தால் நான்கு ஸ்கிரீன்கள், அதாவது மை ஊடே இறங்கும் வலைச்சட்டங்கள், வேண்டும். முதலில் மஞ்சள் ஸ்கிரீனை எடுத்துக்கொண்டு மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அச்சிட்டுக்கொண்டே போவார்கள். அது காய்ந்த பிறகு சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியாகக் கறுப்புக் கோடு. ஒவ்வொரு முறையும் ஸ்கிரீனின் சட்டம் மேசை ஓரத்திலுள்ள அதே தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். அப்படி நின்றால் நான்கு நிறமும் கூடி ஒரு மயிலாகும். நில்லாவிட்டால் மயிலின் கழுத்து ஓரிடத்திலும் அதன் நீலம் வேறிடத்திலும் கிடக்கும்.

அத்தகைய பட்டறையில் கழித்துப்போட்ட ஒரு துணியை அச்சுக்கார அண்ணன் ஒருவர் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கறுப்புக் கோட்டுக்கு வெளியே மஞ்சள், நகத்தின் வெள்ளை விளிம்பைப் போல மெல்லியதாக எட்டிப் பார்த்தது. “ஒரு நூலு தள்ளுனாலும் கண்ணு காட்டிக் குடுத்துருமுங்க தம்பி. இது அரை நூலுகூட இல்லீங்க” என்றார். பட்டறைக் கணக்கில் நூல் என்பது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவர் காட்டியது அதிலும் பாதிக்குக் குறைவு. ஆனாலும் அந்தத் துணி ஏற்றுமதிக்குப் போகாது.

இப்போது துணியின் இடத்தில் படச்சட்டத்தையும், ஸ்கிரீனின் இடத்தில் கேமராவின் ஓட்டத்தையும் வைத்துப் பாருங்கள். ஒரே பாதையில் கேமராவை ஒருமுறை முழுதாக ஓட்டி எடுப்பதைப் பாஸ் என்பார்கள். ஒரு பாஸில் நடிகர், அடுத்த பாஸில் வெறும் வீடு, மூன்றாவதில் வேறு வெளிச்சம் என்று தனித்தனியாக எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். துணிக்கு நான்கு அடுக்கு என்றால், பத்து நொடி ஷாட்டுக்கு நொடிக்கு 24 சட்டம் வீதம் 240 சட்டங்கள். அந்த 240 சட்டங்களிலும் அடுக்குகள் தள்ளாமல் பொருந்த வேண்டும்.

## ஆணியடித்து வைத்த கேமரா

இரட்டை வேடம் நம் படங்களுக்குப் பழைய சங்கதி. 1940இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். ஃபிலிம் காலத்தில் ஒரே சட்டத்துக்குள் ஒருவரை இருவராகக் காட்டப் பரவலாகக் கையாண்ட வழி, லென்ஸின் முன் பாதியை மறைத்து நடிகரை இடப்பக்கம் நடிக்கவைத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைப்பை மறுபக்கம் மாற்றி, வலப்பக்கம் நடிக்கவைப்பதாகும். இதற்கு ஒரே நிபந்தனைதான்: இரண்டு முறைக்கும் இடையில் கேமரா இம்மியும் அசையக் கூடாது.

அதனால்தான் பழைய இரட்டை வேடக் காட்சிகளில் அதுவரை நகர்ந்துகொண்டிருந்த கேமரா திடீரென்று ஆணியடித்தாற்போல் நின்றுவிடும். நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இருக்கும், அதை இருவரில் எவரும் தாண்டமாட்டார்கள். பார்வையாளர்களும் காலப்போக்கில் அதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். அசையாத கேமராவே ‘இது வித்தை’ என்று அறிவித்துவிட்டது.

நகரும் கேமராவிலேயே அடுக்குகளைப் பொருத்த முடியும் என்பதை உலகம் பரவலாகக் கண்டது 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில். ஜான் டைக்ஸ்ட்ரா தலைமையில் உருவான அந்தக் கருவிக்கு அவர் பெயராலேயே டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் என்று பெயர் வந்தது. விண்கலம் பறக்கவில்லை. சிறிய மாதிரிக் கலத்தின் அருகே கேமராதான் பறந்தது. அது தன் ஓட்டத்தை நினைவில் வைத்துக்கொண்டு, ஒரே பாதையில் பலமுறை சென்றது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பல அடுக்குகளைப் பொருத்த வேண்டுமென்றால் ஒவ்வோர் அடுக்கும் ஒரே நிலையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். முன்பு அதற்காகக் கேமராவை அசையாமல் கட்டிப்போட்டார்கள். மோஷன் கண்ட்ரோல் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு, பொருத்தத்தை மட்டும் காப்பாற்றித் தருகிறது.

## பேருந்துச் சன்னல் கற்பிப்பது

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். கைத்திறமையுள்ள ஒருவர் கிம்பலைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே மாதிரி நடந்தால் போதாதா, மிச்சத்தைக் கணினியில் இழுத்துப் பொருத்திக்கொள்ளலாமே?

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி செல்லும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு இதன் விடை தெரியும். சாலையோரத் தென்னைகள் விரைந்து பின்னால் ஓடும், அதற்கு அப்பாலுள்ள தோப்பு மெல்ல நகரும், மேற்குத் தொடர்ச்சி மலை நின்ற இடத்திலேயே நிற்கும். பார்க்கும் இடம் மாறும்போது அருகிலிருப்பது அதிகமாகவும் தொலைவிலிருப்பது குறைவாகவும் இடம் மாறித் தோன்றுவதை இடமாறு தோற்றம் என்கிறோம். யூனிட்டில் இதற்குப் பேரலாக்ஸ் என்று பெயர்.

கேமரா இரண்டாம் முறை நான்கு விரல்கடை தள்ளிப் போயிருந்தால், முன்னாலிருக்கும் தூண் ஓர் அளவும் பின்னாலிருக்கும் சுவர் வேறோர் அளவும் நகர்ந்திருக்கும். படத்தை மொத்தமாக இழுத்துத் தூணைப் பொருத்தினால் சுவர் பிசகும், சுவரைப் பொருத்தினால் தூண் பிசகும். கிம்பல் நடுக்கத்தை நீக்கும், ஆனால் தான் போன பாதையை நினைவில் வைத்துக்கொள்ளாது. சில டிரோன்கள் வழிப்புள்ளிகளை நினைவில் வைத்து மீண்டும் பறக்கின்றன. வானத்திலிருந்து தூரத்து ஊரைக் காட்டும்போது அது போதுமானதாக இருக்கலாம், எதிரே திண்ணைத் தூண் இருக்கும்போது போதாது.

கோணப் பிசகும் இப்படித்தான். பக்கவாட்டில் 40 டிகிரி அகலத்தைப் பார்க்கும் லென்ஸ் வழியாக 3840 புள்ளி அகலமுள்ள 4கே படத்தை எடுக்கிறோம் என்றால், ஒரு டிகிரிக்கு 96 புள்ளிகள். டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே படம் கிட்டத்தட்ட 10 புள்ளிகள் தள்ளிவிடும். கைப்பேசித் திரையில் தப்பித்துவிடும் அந்தப் பிசகு, தியேட்டரில் பனியன் மஞ்சளைப் போல எட்டிப் பார்க்கும்.

## அந்தக் கைக்குள் என்ன நடக்கிறது

கோயம்புத்தூரின் கணபதியிலும் பீளமேட்டிலும் குறிச்சி சிட்கோவிலும், கணினிக் கட்டளைப்படி உலோகத்தைக் கடையும் சிஎன்சி இயந்திரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பகுதியை நான் விளக்கத் தேவையில்லை. பம்புக்கான ஒரே உதிரிப்பாகத்தை ஆயிரம் முறை ஒரே அளவில் கடைந்து தரும் இயந்திரமும் கேமரா ரோபோவும் பங்காளிகள். அங்கே உளி இருக்கும் இடத்தில் இங்கே லென்ஸ் இருக்கிறது.

ஒரு பொருள் நகரவோ திரும்பவோ கூடிய ஒவ்வொரு வழியையும் அச்சு என்கிறோம். இடம், வலம், மேல், கீழ், முன், பின் என்று கேமரா இருக்கும் இடத்தைச் சொல்ல மூன்று அச்சுகள் வேண்டும். அது எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு குனிகிறது, எவ்வளவு சாய்கிறது என்று சொல்ல இன்னும் மூன்று வேண்டும். ஆறு மூட்டுள்ள கை ஒன்று இந்த ஆறையும் ஆளும். அதோடு ஃபோகஸும் ஜூமும் தனி மோட்டார்களால் சுழலும். நிலத்தில் தண்டவாளம் போட்டால் இன்னோர் அச்சு கூடும்.

ஒவ்வொரு மூட்டிலும் சர்வோ மோட்டார் இருக்கும். கட்டளைப்படி சுழன்றுவிட்டு, உண்மையில் எவ்வளவு சுழன்றோம் என்று தானே சரிபார்த்துத் திருத்திக்கொள்ளும் மோட்டாருக்கு அந்தப் பெயர். அந்தச் சரிபார்ப்புக்கு உதவுவது என்கோடர், அதாவது மூட்டு திரும்பிய கோணத்தை மிக நுணுக்கமாக எண்ணிச் சொல்லும் கருவி.

பாதையைச் சொல்லிக்கொடுப்பது பலர் நினைப்பதுபோல் கடினமானதன்று. கேமராவைத் தொடக்க நிலைக்குக் கொண்டுசென்று ‘இங்கே’ என்று பதிகிறோம், நடுவில் ஓரிரு நிலைகளைப் பதிகிறோம், முடியும் நிலையைப் பதிகிறோம். இப்படிப் பதிந்த நிலைகள் கீஃப்ரேம் எனப்படும். அவற்றுக்கு இடையே வெட்டி வெட்டி இழுக்காமல் வழுக்கிச் செல்லும் வளைவை மென்பொருள் வரைந்துகொள்கிறது. சில ரோபோக்களில் கையையே பிடித்து நகர்த்திப் பாதையைக் கற்பிக்கலாம், குழந்தையின் கையைப் பிடித்து மணலில் ‘அ’ எழுதவைப்பதுபோல. இறுதியில் மிஞ்சுவது ஓர் அட்டவணை: முதல் சட்டத்தில் மூட்டுகள் இந்தக் கோணத்தில், இரண்டாம் சட்டத்தில் இந்தக் கோணத்தில் என்று 240 வரிகள். கேமரா படம் பிடிக்கத் தொடங்கும் கணமும் ரோபோ முதல் வரியைப் படிக்கும் கணமும் ஒன்றாக இருக்கும்படி இரண்டையும் மின்குறியால் இணைத்துவிடுகிறார்கள்.

ஆகவே இது யோசிக்கும் இயந்திரம் இல்லை. ‘ஏஐ கேமரா’ என்று இதை அழைப்பது தவறு. எங்கே தொடங்க வேண்டும், எவ்விடத்தில் மெல்ல நடக்க வேண்டும், யாருடைய முகத்தில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் ஒளிப்பதிவாளர்தான் முடிவு செய்கிறார்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். மீண்டும் அதே இடத்துக்கு வருவது வேறு, சொன்ன இடத்துக்குச் சரியாகச் செல்வது வேறு. ஐந்து நிமிடம் முந்தி ஓடும் சுவர்க்கடிகாரம் நேரத்தைத் தவறாகக் காட்டுகிறது, ஆனால் தினமும் அதே ஐந்து நிமிடம்தான் முந்துகிறது. அடுக்குகளைப் பொருத்துவதற்கு இந்தக் கடிகாரத்தின் ஒழுங்கே போதும். கணினியில் வரைந்த உருவத்தோடு சேர்ப்பதற்கோ சிறிய அளவில் செய்த மாதிரி வீட்டோடு சேர்ப்பதற்கோ நேரமும் சரியாக இருக்க வேண்டும். ரோபோவின் விவரத்தாளைப் படிக்கும்போது அதில் சொல்லப்படுவது இவற்றுள் எது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

## எடுத்துச் செல்லக்கூடியது என்றால் என்ன வேறுபாடு

பெரிய மோஷன் கண்ட்ரோல் கிரேன்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. இங்கிலாந்தின் மார்க் ராபர்ட்ஸ் நிறுவனத்தின் மைலோ அவற்றுள் பெயர்பெற்றது. அதைக் கொண்டுவர லாரி வேண்டும், தண்டவாளம் போட வேண்டும், சமதளமான தரையும் பொறுமையான தயாரிப்பாளரும் வேண்டும். ஆகவே அத்தகைய காட்சிகளைப் பெருநகர ஸ்டுடியோவுக்குள் திட்டமிடுவதே வழக்கமாக இருந்தது.

மாற்றம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. மனிதர்களுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வதற்காகச் செய்யப்பட்ட இலேசான ரோபோக் கைகளைச் சினிமாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஓர் அளவுக்குச் சொல்கிறேன்: டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் செய்யும் யுஆர்10இ என்ற கையின் எடை 33.5 கிலோ. அது 12.5 கிலோ வரை தாங்கும், 1.3 மீட்டர் எட்டும். சென்ற இடத்துக்கு மீண்டும் வருவதில் அதன் பிசகு கூடியும் குறைந்தும் 0.05 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் தடிமன் அளவுகூட இல்லை. இரண்டு பேர் தூக்கி வைக்கலாம், சாதாரண வீட்டு மின்சாரத்தில் ஓடும். இந்தக் கடைசிச் செய்தியை நம் ஊரில் படப்பிடிப்பு நடத்துகிறவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். தோட்டத்துக்கு வரும் மும்முனை மின்சாரத்தை நம் ஷாட்டின் நேரத்துக்கு நம்பியிருக்க முடியாது.

எடுத்துச் செல்ல முடிகிற கருவிகளே சினிமாவைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்தன என்பதைக் கோயம்புத்தூர்க்காரர்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டியவர். பின்னர் அவர் கட்டிய அரங்கின் பெயரால்தான் வெரைட்டி ஹால் ரோடு இன்றும் அழைக்கப்படுகிறது. திரையிடும் கருவிக்கு அன்று நேர்ந்தது, இந்தக் கேமராக் கைக்கு இன்று நேர்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

## படைப்பாளியின் கையில்

முதலில் எல்லோரும் செய்து பார்ப்பது இரட்டை வேடம். ஒரே நடிகர் அண்ணனாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, தம்பியாகிய அவரே வீட்டுக்குள்ளிருந்து வந்து காபியை நீட்ட, கேமரா இருவரையும் சுற்றி வரலாம். ஆனால் இதைவிட எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு வேறொன்று. காங்கேயம் காளையின் கொம்புக்கு அருகே ஒரு சிறுவன் நின்று அதன் நெற்றியைத் தடவ வேண்டும் என்று கதை கேட்கிறது. முதல் பாஸில் காளையும், மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி அதை வளர்க்கும் கவுண்டரும் மட்டும் இருப்பார்கள். இரண்டாம் பாஸில் எவரும் இல்லாத வெறும் களம். இப்படி ஆளில்லாமல் எடுக்கும் பாஸைக் கிளீன் பிளேட் என்பார்கள். மூன்றாம் பாஸில், காளையை வெகுதூரம் கொண்டுபோய்க் கட்டிய பிறகு, சிறுவன் காற்றில் கையை வைத்துத் தடவுகிறான். கவுண்டரையும் கயிற்றையும் அழித்த இடத்தைக் கிளீன் பிளேட் நிரப்புகிறது. கேமரா முழுநேரமும் நகர்ந்துகொண்டே இருப்பதால் எவருக்கும் ஐயம் வராது. குழந்தைக்கும் ஆபத்தில்லை, காளைக்கும் மிரட்சியில்லை.

காலத்தை ஒட்டுவது அடுத்தது. கொடிவேரி அணையருகே விடியலில் ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒருமுறை அதே பாதையில் கேமராவை ஓட்டிவிட்டால், எட்டு நொடி ஷாட்டுக்குள் ஒரு பகல் முழுவதும் கரைந்து இரவாகும். இதையே இன்னும் நீட்டலாம். கோபி வயலில் நாற்று நடும்போதும், பால் பிடிக்கும்போதும், அறுவடையின்போதும் ரோபோவைக் கொண்டுவந்து அதே முளைக்குச்சிகளின் மேல் நிறுத்தினால், ஒரு பட்டம் முழுவதையும் ஒரே நகர்வில் கடக்கலாம். இறக்கி ஏற்றிய ரோபோ பழைய இடத்தில் இம்மி பிசகாமல் நிற்காது என்பதால், பழைய படத்தை மேலே மங்கலாக வைத்துப் பார்த்து நிலையைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். இதைவிடவும் மெதுவாகச் செல்வதும் உண்டு. சில நிமிடங்களுக்கு ஒரு சட்டம் என்று எடுத்துக்கொண்டே நாள்கணக்கில் நகர்ந்தால் செடி வளர்வதைச் சுற்றி வந்து பார்க்கலாம். 2022இல் பிபிசி வெளியிட்ட ‘தி கிரீன் பிளானெட்’ தொடருக்காக ட்ரிஃபிட் என்ற ரோபோக் கேமரா அப்படித்தான் செடிகொடிகளுக்கு ஊடே சென்றது.

வேகத்தைப் பிரிப்பது மூன்றாவது வித்தை. வள்ளி கும்மி ஆடும் கூட்டத்தின் நடுவே ஒரு பெண் மட்டும் கனவில் ஆடுவதுபோல் பாதி வேகத்தில் அசைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கூட்டத்தை நொடிக்கு 24 சட்டம் வீதம் பத்து நொடி எடுக்கிறோம், 240 சட்டங்கள் ஆயின. அந்தப் பெண்ணை நொடிக்கு 48 சட்டம் வீதம் எடுத்தால் அதே 240 சட்டங்கள் ஐந்து நொடியில் முடிந்துவிடும். ஆகவே ரோபோ அதே பாதையை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும். அட்டவணையின் வரிகள் மாறவில்லை, படிக்கும் வேகம் மட்டும் கூடியது. இரண்டையும் அடுக்கினால் கூட்டம் முழுத் தாளத்தில் ஆட, அவள் மட்டும் மெல்ல மிதப்பாள். மனிதக் கையால் எவ்வளவு பழகினாலும் செய்ய முடியாத செயல் இது.

விளம்பரங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் நான்காவது வகை, அதாவது விழும் பொருளும் தெறிக்கும் நீரும். பொள்ளாச்சித் தேங்காய் மூடி ஒன்று ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீரில் விழ 0.45 நொடிதான் ஆகும். நொடிக்கு 1000 சட்டம் எடுக்கும் கேமராவில் அது 450 சட்டங்கள். அதை 24 வீதம் ஓட்டினால் திரையில் கிட்டத்தட்ட 19 நொடி நீளும். அந்த 19 நொடியும் கேமரா மூடியோடு கூடவே இறங்குவதாகத் தோன்ற வேண்டுமென்றால், எடுக்கும்போது அதுவும் அரை நொடிக்குள் ஒரு மீட்டர் பாய்ந்திருக்க வேண்டும். தண்ணீரைத் தொடும் கணத்தில் மூடியின் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர். நன்றாக மிதித்துப் போகும் சைக்கிளின் வேகத்தில் பாய்ந்துவிட்டு அதே கணத்தில் அந்தக் கை நிற்கவும் வேண்டும். மார்க் ராபர்ட்ஸ் நிறுவனத்தின் போல்ட் போன்ற கனமான ரோபோக்கள் இதற்காகவே செய்யப்பட்டவை. இருவர் தூக்கும் சிறிய கையிடம் இதை எதிர்பார்க்கக் கூடாது. சிறிய கையை வைத்திருப்பவர், பொருளோடு சேர்ந்து விழாமல், தெறிப்பு நிகழும் இடத்தருகே சில அங்குலம் மட்டும் நகரும்படி ஷாட்டை அமைத்துக்கொள்வதே அறிவு.

இதே வகையில் பலரும் கவனிக்காத நன்மை ஒன்று உண்டு. மூடியைப் பிடித்திருக்கும் மின்காந்தத்தை எந்தச் சட்டத்தில் விடுவிக்க வேண்டும் என்பதையும் ரோபோவே சொல்லும்படி இணைக்கலாம். நீர் ஒவ்வொரு முறையும் வேறு விதமாகத்தான் தெறிக்கும், ஆனால் கேமராவும் விழும் நேரமும் மாறுவதில்லை. ஆகவே ஏழாவது டேக்கின் இடப்பக்கத் தெறிப்பையும் பதினோராவது டேக்கின் வலப்பக்கத் தெறிப்பையும் ஒட்டி ஒரே தெறிப்பாக்கிவிடலாம். ஒழுங்கில்லாத நீரை ஒழுங்கான கேமரா பிடித்து நிறுத்துகிறது.

அளவை மாற்றுவதும் இதனால் ஆகும். பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த ஓட்டு வீட்டின் முன் முழு அளவு நடிகர் நிற்பதாகக் காட்ட, நடிகரை எடுக்கும்போது கேமரா ஒரு மீட்டர் சென்றால் மாதிரியை எடுக்கும்போது 10 செண்டிமீட்டர் செல்ல வேண்டும். பாதையின் தூரங்களை மட்டும் பத்தால் வகுத்து, கேமரா பார்க்கும் கோணங்களை அப்படியே விட்டால், மூட்டுகளின் புதிய அட்டவணையை மென்பொருள் போட்டுக்கொள்ளும். மாதிரி வீட்டின் கூரையிலிருந்து மழைநீர் வடிவதாக இருந்தால் கொஞ்சம் கூடுதல் கணக்கு வேண்டும். சிறிய உயரத்திலிருந்து நீர் சீக்கிரமே விழுந்துவிடுவதால் பொம்மைபோலத் தெரியும். அதை ஈடுகட்ட, பத்தின் வர்க்கமூலமான 3.16 மடங்கு, அதாவது நொடிக்குச் சுமார் 76 சட்டம் வீதம் எடுக்க வேண்டும். 2001இல் வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முதல் பாகத்தில் இந்தச் சிந்தனையை வேறு விதமாகக் கையாண்டார்கள். கேமரா நகர நகர, நடிகர் அமர்ந்திருந்த மேடையும் கணக்காக நகர்ந்து, உயரமானவரும் குள்ளமானவரும் ஒரே மேசையில் இருப்பதான மாயத்தைக் காப்பாற்றியது.

கையின் நுனியில் கேமராதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. விளக்கை மாட்டினால் முகத்தின் மேல் சூரியன் உதித்து மறையும். 2013இன் ‘கிராவிட்டி’ படத்தில் நடிகை ஏறத்தாழ நின்ற இடத்திலேயே இருக்க, ரோபோவில் பூட்டிய கேமராவும் சுற்றிலும் மாறும் ஒளியும் சேர்ந்துதான் அவரை விண்வெளியில் சுழலவைத்தன.

இந்தப் பகுதியில் எத்தனை வித்தைகள் வந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். பாதை எண்களாகிவிட்டது. எண்களை மீண்டும் படிக்கலாம், வேகமாகப் படிக்கலாம், மெதுவாகப் படிக்கலாம், வகுக்கலாம், வேறொரு பொருளுக்குக் கொடுக்கலாம்.

## எங்கே சறுக்கும்

நெகமம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் நாங்கள் எடுத்த அண்ணன் தம்பி காட்சியின் முதல் பாஸ் அருமையாக வந்தது. நடிகர் சட்டையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் யாரோ கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார்கள். அதன் கால் ரோபோ நின்ற தாங்கியில் தட்டியிருக்கிறது. எவரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. ரோபோ தன் வேலையைப் பிசகின்றிச் செய்தது. ஆனால் அதன் அடித்தளமே ஒரு விரல்கடை நகர்ந்திருந்தது. எடிட்டிங்கில் அடுக்கிப் பார்த்தபோது திண்ணையின் மரத்தூண் நடுவில் கோடு விழுந்து இரண்டாகப் பிளந்து தெரிந்தது. சுவரைப் பொருத்தினோம், தூண் பிளந்தது. தூணைப் பொருத்தினோம், சுவரிலிருந்த சாமி படம் இரட்டித்தது. அன்றிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு எங்கள் பெட்டியில் இருக்கிறது. அடித்தளத்தின் நடுவிலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறியிடுவோம், கால்களின் மேல் மணல் மூட்டை வைப்போம், ஒவ்வொரு பாஸுக்கு முன்பும் முதல் சட்டத்தைப் பழையதோடு ஒப்பிடுவோம்.

வெளிப்புறத்தில் வெயிலும் ஒரு பாஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் நகர்ந்துவிடும். நிழல் கால்மணி நேரத்திலேயே காட்டிக்கொடுக்கும். தென்னங்கீற்று இரண்டு முறை ஒரே மாதிரி ஆடாது, ஆகவே அடுக்குகள் சேரும் ஓரத்தைக் கீற்றின் மேல் வைக்காமல் சுவர் விளிம்பிலோ தூணிலோ வைக்க வேண்டும். மோட்டாரின் முனகல் மெல்லிய வசனத்தில் கேட்கும். நடிகர் பார்க்க வேண்டிய இடத்தில், இல்லாத தம்பியின் கண் உயரத்தில், ஒரு குச்சியோ ஆளோ நிற்க வேண்டும். பார்வை தவறினால் பொருத்தம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ரோபோ யாரையும் பார்த்து நிற்பதில்லை, அட்டவணையைப் படிக்கிறது. மனிதர் அருகே வேலை செய்வதற்கென்று செய்யப்பட்ட கைகள் எதிலாவது மோதினால் நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் நுனியில் கேமராவும் லென்ஸும் பூட்டி, வேகத்தையும் கூட்டிவிட்டால் அந்த ஏற்பாட்டை மட்டும் நம்பி முகத்தருகே ஓட்டக் கூடாது. எட்டும் தூரத்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும். நடிகர் இல்லாமல் முதலில் மெதுவாகவும் பிறகு முழு வேகத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தானில் கை வைத்தபடி ஒருவர் வேறு எந்த வேலையும் இல்லாமல் நிற்க வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் எதையும் விட்டுவிட முடியாது.

## ரோபோ இல்லாமல் தொடங்குவது

வாடகைக்கு எடுப்பதற்கு முன் இதன் அடிப்படையைக் கைப்பேசியிலேயே பழகிக்கொள்ளலாம். கைப்பேசியை ஸ்டாண்டில் அசையாமல் பூட்டி, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் தானாக மாறாதபடி நிறுத்திவையுங்கள். திண்ணையின் ஒரு பக்கம் உட்கார்ந்து ஒரு பாஸ், மறுபக்கம் உட்கார்ந்து ஒரு பாஸ், ஆளில்லாமல் ஒரு பாஸ் எடுத்து, எடிட்டிங் செயலியில் நடுவே வெட்டி ஒட்டிப் பாருங்கள். அது சரியாக வந்தபின், மோட்டார் பூட்டிய சிறிய ஸ்லைடரைக் கேட்டு வாங்கி, ஒரே ஓர் அச்சில் இதையே செய்யுங்கள். ஒரு தூண் முன்னாலும் ஒரு சுவர் பின்னாலும் இருக்கும் இடமாகப் பார்த்து எடுங்கள். இரண்டு பாஸையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருப்பதைப் பாதி மங்கலாக்கி, ஒவ்வொரு சட்டமாக நகர்த்துங்கள். தூணின் விளிம்பு எந்தச் சட்டத்தில் முதன்முதலாக இரட்டிக்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் ஸ்லைடருக்கு என்ன ஆனது என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பெல்ட் தொய்ந்திருக்கும், அல்லது ஸ்டாண்டின் ஒரு கால் மண்ணில் இறங்கியிருக்கும்.